மலைப்பாதை வண்டிக்குச் செயினும் பல்சக்கரங்களும்: வீட்டிலேயே மாற்றும் முறை



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. போடியில் உறவினர் வீட்டு விசேஷத்திற்காகப் பூப்பாறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டியை நான் ஓட்டினேன். பின்னால் என் மைத்துனர் மடியில் பலகாரப் பாத்திரத்துடன் உட்கார்ந்திருந்தார். போடிமெட்டைத் தாண்டி இரண்டு மூன்று வளைவுகள் இறங்கியிருப்போம். ‘படக்’ என்று ஒரு சத்தம். பின்சக்கரம் சுற்றாமல் இறுகிக்கொண்டது. வண்டி வழுக்கிக்கொண்டே போய் மலைப்பக்கத்துச் சாக்கடையில் சாய்ந்தது. இருவருக்கும் முழங்காலில் சிராய்ப்பு, பலகாரம் சாலையில். பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் இந்தப் பாடத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். செயின் பல்சக்கரத்திலிருந்து ஏறிக் கழன்று, பல்லுக்கும் செயின் கவருக்கும் இடையில் சிக்கிக்கொண்டது. அந்தச் செயின் பழையது அல்ல, போட்டு ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. மெக்கானிக் தம்பி, “அண்ணே, பல்லும் தேஞ்சிருக்கு, மூணையும் சேர்த்து மாத்திடலாம்” என்று சொன்னார். “செயினை மட்டும் போடு தம்பி, பல்சக்கரம் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்” என்று சொன்னவன் நான்தான். மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். விலையாகக் கொடுக்கவிருந்தது இரண்டு உயிர்.

அன்று முதல் இந்த வேலையை நானே கற்றுக்கொண்டு செய்து வருகிறேன். கற்றதை நம் சங்கத்து இளைஞர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு பாடமாக இங்கே தருகிறேன். நிதானமாகப் படித்துச் செய்தால் அரை நாளில் முடியும் வேலை இது.

இந்தப் பாடம் நமக்கு ஏன் வேண்டும்?

நம் பாட்டன்மார் போடிப் பக்கத்திலிருந்து தலைச்சுமையுடன் நடந்தே இம்மலை ஏறினார்கள். மூணாற்றில் 1908-இல் ஓடத் தொடங்கிய சிறு ரயிலும் 1924 பெருவெள்ளத்தோடு போயிற்று. இன்று அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இரு சக்கர வண்டியில் ஏறி இறங்குகிறார்கள். எஸ்டேட் லயத்திலிருந்து பிள்ளையைப் பள்ளிக்கு விடுவது, ஏலக்காய் மூட்டையைக் கடைக்குக் கொண்டுபோவது, நோயாளியை ஜீப் வரும் சாலை வரை சேர்ப்பது எல்லாம் வண்டியை நம்பியே நடக்கின்றன. தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு பகுதிகளில் எத்தனையோ லயங்களுக்கு ஒர்க்‌ஷாப் எட்டாத தூரத்தில் இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையாறு பகுதிகளில் பாதை சமதளம். ஆனால் கோயம்புத்தூர், பொள்ளாச்சிக்கு அன்றாடம் வேலைக்குப் போய்வரும் நம்மவர்களின் வண்டிகளுக்கு ஓட்டம் அதிகம். இரண்டு இடத்திலும் செயின் சீக்கிரம் தேயும். காரணம் மட்டும் வேறு. அதைப் பின்னால் காண்போம்.

செயின் என்றால் என்ன?

மோட்டார் சைக்கிளில் இன்று ஓடும் செயின், ஸ்விட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880-இல் உருவாக்கிய உருளைச் சங்கிலியின் வழி வந்தது. அடிப்படை அமைப்பு இன்றும் அதுவே. நம் எல்லைக்கு அப்பால், கோயம்புத்தூரில் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் நிறுவனம் ‘ரோலான்’ என்ற பெயரில் செயின் செய்கிறது. 1937-இல் போக்குவரத்துத் தொழிலில் தொடங்கிய நிறுவனம் அது. சென்னையின் முருகப்பா குழுமத்தைச் சேர்ந்த ‘டைமண்ட்’ செயினும் நாம் அறிந்ததே.

ஒரு செயினைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளித்தகடு இரண்டு, உள்தகடு இரண்டு என மாறி மாறி வரும். வெளித்தகடுகளை இணைப்பது பின். உள்தகடுகளை இணைப்பது புஷ் என்னும் சிறு குழல். பின் அந்தப் புஷ்ஷுக்குள் திரும்புகிறது. புஷ்ஷின் மேல் உருளை சுற்றுகிறது. பல்சக்கரத்தின் பள்ளத்தில் உட்காருவது இந்த உருளை.

ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை உள்ள தூரத்தைக் கண்ணி இடைவெளி என்போம். 100 முதல் 150 சிசி வண்டிகள் பலவற்றில் 428 என்ற எண்ணுள்ள செயின் வருகிறது. முதல் இலக்கம் 4 என்பது எட்டில் நான்கு பங்கு அங்குலம், அதாவது அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். அதுதான் கண்ணி இடைவெளி. மீதி இலக்கங்கள் அகலத்தைக் குறிக்கும். புல்லட் போன்ற கனமான வண்டிகளின் செயின் எண் 5 என்று தொடங்கும். அங்கே கண்ணி இடைவெளி எட்டில் ஐந்து அங்குலம். கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் செயினுக்குப் பதில் பெல்ட் இருப்பதால் இப்பாடம் அவற்றுக்குப் பொருந்தாது.

செயின் ஏன் நீளுகிறது?

“செயின் இழுபட்டு நீண்டுவிட்டது” என்று சொல்கிறோம். உண்மையில் தகடு நீளுவதில்லை. பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் சிறிது இடைவெளி கூடுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகளின் தேய்மானம் சேர்ந்து செயின் நீண்டதாகத் தெரிகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். புதிய 428 செயினில் 20 கண்ணிகளின் நீளம் 254 மி.மீ. (20 × 12.7). அது 259 மி.மீ. ஆகிவிட்டால் 2 சதவீதம் கூடிவிட்டது, மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். 5 மி.மீ. கூடுதலை 20 மூட்டுகளுக்குப் பங்கிட்டால் ஒரு மூட்டுக்குக் கால் மில்லிமீட்டர். நம் விரல் நகத்தின் கனம்கூட இல்லாத தேய்மானம் இது. செயினின் ஆயுளே அந்தக் கால் மில்லிமீட்டரில் முடிந்துவிடுகிறது.

மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியது ஏன்?

செயினின் கண்ணி நீள நீள, அதற்கேற்பப் பல்சக்கரத்தின் பல்லும் தேய்ந்து கொக்கிபோல் வளைகிறது. பழைய செயினும் பழைய பல்லும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்கின்றன. அப்படித் தேய்ந்த பல்லின் மேல் 12.7 மி.மீ. இடைவெளியுள்ள புதுச் செயினைப் போட்டால் உருளை பள்ளத்தின் அடியில் உட்காராது. பல பற்கள் பகிர்ந்து தாங்க வேண்டிய இழுவிசையை ஓரிரு பற்களே தாங்கும். புதுச் செயின் விரைவில் கெடும். தளர்ச்சியும் சேர்ந்தால் பல்லின் மேல் ஏறிக் கழலும். எனக்கு நேர்ந்தது இதுதான்.

பழைய செயினை வைத்துக்கொண்டு பல்சக்கரங்களை மட்டும் புதிதாகப் போட்டாலும் பலன் இல்லை. நீண்ட செயின் புதுப் பல்லைத் தன் அளவுக்குத் தேய்த்துவிடும்.

முன்பல்சக்கரம் எப்போதும் முதலில் தேயும். முன்னே 14 பல், பின்னே 42 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது முன்பல்சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே முன்பல் ஒவ்வொன்றும் மூன்று மடங்கு உழைக்கிறது. செயின் கவருக்குள் மறைந்திருப்பதால் அது நம் கண்ணில் படுவதுமில்லை.

இறக்கத்தில் என்ன நடக்கிறது?

மலைப்பாதைக்காரர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். ஏற்றத்தில் இன்ஜின் சக்கரத்தை இழுக்கிறது. அப்போது செயினின் மேல்பகுதி விறைப்பாகவும் கீழ்ப்பகுதி தளர்வாகவும் இருக்கும். இறக்கத்தில் கியரில் இறங்கும்போது சக்கரம் இன்ஜினைச் சுற்றவைக்கிறது. இப்போது கீழ்ப்பகுதி விறைக்கும், மேல்பகுதி தளரும். வளைவுக்கு வளைவு ஆக்சிலரேட்டரை விடுவதும் கொடுப்பதுமாக இருப்பதால் விறைப்பும் தளர்ச்சியும் மேலும் கீழுமாக மாறி மாறி வரும். ஒவ்வொரு மாற்றத்திலும் செயின் சவுக்குப் போல் ஒரு வெட்டு வெட்டும். சமதளத்தில் எப்படியோ ஓடிவிடும் தேய்ந்த செயின், இறக்கத்தில் கழன்றுவிடுவது இதனால்தான்.

அப்படிக் கழன்றால் இரண்டு ஆபத்து. ஒன்று, இன்ஜின் தரும் தடை போய்விடும். வண்டி பிரேக்கை மட்டுமே நம்பி நிற்கும். மற்றொன்று, கழன்ற செயின் சிக்கிக்கொண்டு பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். போடிமெட்டிலிருந்து முந்தல் வரை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குகிறோம். இரண்டில் எது நடந்தாலும் நல்லதல்ல.

மாற்றும் காலம் வந்ததை அறிவது எப்படி?

1. பின்பல்சக்கரத்தின் பின்கோடியில் செயினை விரலால் பிடித்து வெளியே இழுங்கள். பல்லில் பாதி தெரிந்தால் செயின் தேய்ந்துவிட்டது.

2. செயினை விறைப்பாக வைத்து, ஒரு பின்னிலிருந்து எண்ணி 21-ஆவது பின் வரை அளவுகோலால் அளங்கள். அதுதான் 20 கண்ணி. 428 செயினுக்கு 259 மி.மீ. வந்தால் மாற்றுங்கள்.

3. பற்கள் ஒருபக்கம் சாய்ந்து கொக்கிபோல் இருக்கிறதா, முனை கூர்மையாகிவிட்டதா என்று பாருங்கள்.

4. சக்கரத்தைக் கையால் சுற்றும்போது செயின் ஓரிடத்தில் விறைத்து, ஓரிடத்தில் தொங்கினால் சில மூட்டுகள் துருவேறி இறுகிவிட்டன என்று பொருள்.

5. அட்ஜஸ்டர் கடைசிக் கோடு வரை வந்துவிட்டால் இனிச் சரிசெய்ய இடமில்லை. சிலர் அப்போது ஒரு கண்ணியை வெட்டி எடுத்து ஓட்டுவார்கள். கண்ணியை எடுத்தால் நீளம் குறையுமே தவிரத் தேய்மானம் குறையாது. இது வேண்டாம்.

கடையில் கேட்டு வாங்குவது

“செயின் செட்” என்று கேட்டால் இங்கே மலையாளக் கடைக்காரருக்கும் புரியும், தமிழ்நாட்டிலும் புரியும். செயின், முன்பல்சக்கரம், பின்பல்சக்கரம் மூன்றும் ஒரே பெட்டியில் வரும். வண்டியின் பெயரையும் தயாரித்த ஆண்டையும் சொல்லுங்கள். ஒரே பெயருள்ள வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு பல் எண்ணிக்கை மாறியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் பழைய பற்களையும் புதிய பற்களையும் எண்ணி ஒப்பிடுங்கள்.

செயின் நீளத்தைப் பார்க்கும்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் தொங்கவிட்டு ஒப்பிடாதீர்கள். கண்ணிகளை எண்ணுங்கள். 116 கண்ணியுள்ள பழைய செயின் 2 சதவீதம் நீண்டிருந்தால் புதியதைவிட 29 மி.மீ. அதிகமாக இருக்கும். அது இரண்டு கண்ணிக்கும் மேல். நீளத்தைப் பார்த்துப் புதுச் செயினை வெட்டினால் தவறாகும். எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

இவற்றோடு புதிய லாக் வாஷர்கள், ஆக்சில் நட்டுக்கு ஸ்பிலிட் பின், கூடுதலாக ஒரு செயின் லாக் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கூடுதல் லாக் எப்போதும் டூல்ஸ் பெட்டியில் இருக்கட்டும்.

கருவிகள்

ரிங் ஸ்பானர் செட், பாக்ஸ் ஸ்பானர், ஆக்சில் நட்டுக்கான பெரிய ஸ்பானர், நோஸ் பிளையர், கட்டிங் பிளையர், ஸ்குரூ டிரைவர், சிறு உளி, சுத்தியல், பழைய பல் துலக்கும் பிரஷ், துணி, சிறிது மண்ணெண்ணெய் அல்லது டீசல், கிரீஸ், 90 நம்பர் கியர் ஆயில். அக்கம்பக்கத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு செட் கருவி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கழற்றும் முறை

லய வீட்டு முற்றங்கள் சரிவானவை. சமமான இடம் தேடி வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன்சக்கரத்தின் இருபுறமும் கல் வையுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் சக்கரத்தைச் சுற்றாதீர்கள்.

முதலில் இடப்பக்கமோ வலப்பக்கமோ செயின் இருக்கும் பக்கத்து இன்ஜின் கவரைக் கழற்றி முன்பல்சக்கரத்தைத் திறந்து பாருங்கள். பல ஆண்டுச் சேறும் கிரீஸும் கட்டியாக இருக்கும். சுரண்டி எடுங்கள். பிறகு செயின் கவரைக் கழற்றுங்கள்.

செயின் வண்டியில் இருக்கும்போதே எல்லா இறுக்கமான நட்டுகளையும் தளர்த்திவிட வேண்டும். இதை மறந்தால் பின்னால் சிரமப்படுவீர்கள். வண்டியை முதல் கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திக்கொள்ள, மற்றவர் முன்பல்சக்கரத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தலாம். சில வண்டிகளில் இரண்டு சிறு போல்ட்டும் ஒரு தகடும் இருக்கும். சிலவற்றில் ஒரு பெரிய நட்டும் மடக்கிய வாஷரும் இருக்கும். மடக்கு இருந்தால் முதலில் உளியால் நிமிர்த்துங்கள். அதேபோல் பின்பல்சக்கரத்து நட்டுகளின் லாக் வாஷரை நிமிர்த்தி, நட்டுகளைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி வையுங்கள்.

இப்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். செயின் லாக் பின்பல்சக்கரத்தின் மேல் வருமாறு சக்கரத்தைச் சுற்றி, நோஸ் பிளையரால் லாக்கைத் தள்ளிக் கழற்றுங்கள். செயின் கையோடு வந்துவிடும்.

பின்சக்கரத்துக்கு வருவோம். பிரேக் ராடின் நுனியில் உள்ள நட்டைக் கழற்றுங்கள். பிரேக் தகட்டைப் பிடித்திருக்கும் டார்க் ராடைக் கழற்றுங்கள். ஆக்சில் நட்டின் ஸ்பிலிட் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி, ஆக்சிலை உருவுங்கள். சக்கரம் இறங்கும். எந்த வாஷர், எந்தக் குழல் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதை ஒரு செய்தித்தாளில் வரிசையாக அடுக்கி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்த வரிசையே உங்களுக்கு வழிகாட்டி.

பின்பல்சக்கரத்தைக் கழற்றும்போது ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் துண்டுகளைப் பாருங்கள். அவை நசுங்கியிருந்தால் மாற்றுங்கள். அவைதான் இன்ஜினின் வெட்டைத் தாங்குபவை. சக்கரத்து பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று இருந்தால் அதையும் இப்போதே மாற்றுவது நல்லது.

பூட்டும் முறை

புதிய பின்பல்சக்கரத்தை வைத்து, புதிய லாக் வாஷர்களுடன் நட்டுகளைக் கையால் முடுக்குங்கள். பிறகு ஸ்பானரால் எதிரெதிர் நட்டுகளாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். வரிசையாக இறுக்கினால் சக்கரம் ஒருபுறம் சாய்ந்து உட்காரும். முழுதும் இறுகியதும் வாஷரின் காதை நட்டின் மேல் மடக்குங்கள். முன்பல்சக்கரத்தில் எழுத்துள்ள பக்கம் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் புதியதிலும் வரட்டும்.

பின்சக்கரத்தைப் பொருத்தி ஆக்சிலைச் செருகுங்கள். ஆக்சிலுக்குச் சிறிது கிரீஸ் தடவினால் அடுத்த முறை எளிதாக வரும். அட்ஜஸ்டர்களைத் தளர்த்திச் சக்கரத்தை முடிந்தவரை முன்னே தள்ளுங்கள். புதுச் செயினை முன்பல்சக்கரத்தின் மேல் ஓட்டி, இரு முனைகளையும் பின்பல்சக்கரத்தின் மேல் கொண்டுவாருங்கள். அடுத்தடுத்த பற்கள் இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளும். லாக் போட எளிது.

லாக்கைப் போடும் திசையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். லாக்கின் வடிவம் ஒரு சிறு மீன் போன்றது. மூடிய பக்கம் தலை, பிளந்த பக்கம் வால். செயின் ஓடும் திசையில் மீனின் தலை இருக்க வேண்டும். செயினின் மேல்பகுதி பின்னிருந்து முன்னே ஓடுகிறது. ஆகவே லாக் மேல்பகுதியில் இருக்கும்போது தலை முன்னே பார்க்கும். மாற்றிப் போட்டால் ஏதேனும் தட்டி லாக் தெறித்துவிடும். லாக் இரண்டு பின்களின் பள்ளத்திலும் முழுவதும் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

தளர்வும் நேர்கோடும்

இரண்டு பக்க அட்ஜஸ்டர்களையும் சம அளவில் திருகிச் சக்கரத்தைப் பின்னே இழுங்கள். இருபக்கமும் உள்ள கோடுகளை எண்ணி ஒரே எண்ணில் நிறுத்துங்கள். ஒரு கோடு மாறினாலும் சக்கரம் சாய்வாக ஓடும். பல்லின் ஒருபக்கம் மட்டும் தேயும்.

கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்து, மொத்த அசைவை அளங்கள். சிறு வண்டிகளுக்குக் கையேடுகள் சுமார் 20 முதல் 35 மி.மீ. வரை கூறுகின்றன. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரியானது. சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளந்து, மிகவும் விறைப்பான இடத்தில் அந்த அளவு வருமாறு வையுங்கள்.

“நன்றாக இறுக்கி வைத்தால் நல்லது” என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. பெரும்பாலான வண்டிகளில் இரண்டு பேரும் ஒரு மூட்டையும் ஏறி ஷாக் அப்சார்பர் இறங்கும்போது செயின் மேலும் விறைக்கும். ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் அந்த விசை கியர்பாக்ஸ் பேரிங்கையும் சக்கரத்து பேரிங்கையும் தாக்கும். செயின் செலவோடு போகவேண்டியது இன்ஜின் செலவாகிவிடும்.

ஆக்சில் நட்டை நன்றாக இறுக்கிய பின் தளர்வை மறுபடி அளங்கள். இறுக்கும்போது அளவு சற்று மாறுவது இயல்பு. பிறகு புதிய ஸ்பிலிட் பின்னைப் போட்டு மடக்குங்கள்.

பிரேக்கை மறவாதீர்கள்

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். புதுச் செயின் போட்டதும் பின்சக்கரம் பழைய இடத்தைவிட முன்னே வந்து நிற்கிறது. டிரம் பிரேக் வண்டியில் பிரேக் ராடின் நீளம் மாறவில்லை. ஆகவே ராட் தளர்ந்து, பெடல் ஆழமாக இறங்கும்; பிரேக் பிடிக்காது. செயின் மாற்றிய மகிழ்ச்சியில் அப்படியே இறக்கத்தில் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ராட் நட்டைத் திருகிப் பெடலின் தளர்வைக் கையேட்டின்படி வையுங்கள். டார்க் ராட் போல்ட்டும் அதன் பின்னும் போட்டாயிற்றா என்று பாருங்கள். பிரேக் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். பின்னே டிஸ்க் பிரேக் உள்ள வண்டியானால் ஓட்டுமுன் பெடலைச் சில முறை அழுத்தி, அது கெட்டியானதை உறுதி செய்யுங்கள்.

பிறகு நாளடைவில் செயினுக்காகச் சக்கரத்தைப் பின்னே நகர்த்தும்போது இதற்கு மாறாகப் பிரேக் இறுகும். அப்போது நட்டைத் தளர்த்த வேண்டும்.

கடைசியாகச் செயின் கவரையும் சேலைக் கார்டையும் பூட்டுங்கள். “சத்தம் வருகிறது” என்று இவற்றைக் கழற்றி வீட்டில் போட்டிருப்பவர்கள் உண்டு. பின்னால் அமர்பவரின் ஆடை சிக்காதிருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி கூறுகிறது. நம் வீட்டுப் பெண்களின் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் விதிக்காக இல்லாவிட்டாலும் நமக்காகவே காக்கப்பட வேண்டியவை.

முற்றத்திலோ சமதளத்திலோ மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே மலைப்பாதைக்குப் போங்கள். புதுச் செயின் முதலில் சற்றுத் தளரும். 300 முதல் 500 கிலோமீட்டருக்குள் ஒருமுறை தளர்வைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

இடுக்கிக்கு மழை, பாலக்காட்டுக்குப் புழுதி

இடுக்கியில் செயினின் பகைவன் மழை. ஜூன் முதல் மாதக்கணக்கில் பெய்யும் மழை எண்ணெயைக் கழுவிவிடும், மூட்டுகள் துருப்பிடிக்கும். பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதி பகைவன். அது எண்ணெயில் ஒட்டி, உப்புத்தாள்போல் பின்னையும் புஷ்ஷையும் அரைக்கும். ஆகவே மழைப் பகுதியில் அடிக்கடி எண்ணெய் விடுங்கள். புழுதிப் பகுதியில் முதலில் துடைத்துவிட்டு, பிறகு குறைவாக விடுங்கள். பொதுவாக 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று கணக்கு வைக்கலாம். மழைக்காலத்தில் அதற்கும் முன்பே.

எண்ணெயைக் கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் விடுங்கள். செயின் சுற்றும்போது எண்ணெய் தானே வெளிநோக்கிப் பரவும். சிறிது நேரம் ஊறவிட்டு மிகுதியைத் துடையுங்கள். டயரிலும் பிரேக்கிலும் எண்ணெய் படக்கூடாது. சில பெரிய வண்டிகளின் செயினில் மூட்டுக்கு மூட்டு சிறு ரப்பர் வளையம் இருக்கும். அவற்றுக்குப் பெட்ரோலும் கம்பி பிரஷும் ஆகாது.

இன்ஜினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விடும் பழக்கம் சிலரிடம் உண்டு. துணியோடு விரலும் பல்லுக்குள் போய்விடும். கொழுந்து கிள்ளிப் பிழைக்கும் கைகளுக்கும், தறியில் பிழைக்கும் கைகளுக்கும் விரல்தான் முதல். சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்றுங்கள். செயின் கழுவிய மண்ணெண்ணெயை ஓடையில் ஊற்றாதீர்கள். கீழே உள்ள லயத்தார் குடிக்கும் தண்ணீர் அது.

ஏற்றத்துக்காகப் பல் கூட்டலாமா?

பலர் கேட்கும் கேள்வி இது. 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. பின்னே 44 பல் போட்டால் 3.14; இழுவை சுமார் 5 சதவீதம் கூடும், அதே அளவுக்கு ஓட்டம் குறையும். பின்னே கூட்டாமல் முன்னே ஒரு பல் குறைத்து 13 போட்டால் 3.23, ஏறக்குறைய 8 சதவீத மாற்றம். முன்னே ஒரு பல், பின்னே மூன்று பல்லுக்குச் சமம் என்று நினைவில் வைக்கலாம். ஆனால் சிறிய முன்பல்சக்கரத்தில் செயின் கூர்மையாக மடங்கி விரைவில் தேயும். சமதளத்தில் பெட்ரோலும் கூடும். நிறுவனம் கொடுத்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஓட்டுவதே என் யோசனை.

பயிற்சி வினாக்கள்

வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து விடை காணுங்கள். பள்ளியில் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கும் பிள்ளைகளுக்கு இயந்திர அறிவைத் தமிழில் சொல்லிக்கொடுக்க இது ஒரு வாய்ப்பு.

1. 428 செயினில் 10 கண்ணிகளின் நீளம் 129 மி.மீ. இருந்தால் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது?
2. இறக்கத்தில் கியரில் வரும்போது செயினின் எந்தப் பகுதி விறைப்பாக இருக்கும்? ஏன்?
3. லாக்கின் மூடிய பக்கம் எந்தத் திசையை நோக்க வேண்டும்?
4. புதுச் செயின் போட்டதும் பின் பிரேக் ஏன் தளர்கிறது?

(முதல் வினாவின் விடை: ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். புதிய கடையில் விலை விசாரித்து வைக்கும் நேரம்!)

முதல் முறை செய்யும்போது வேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நட்டு வழுக்கிவிட்டாலோ, பேரிங் கெட்டிருந்தாலோ ஒர்க்‌ஷாப்புக்குப் போகத் தயங்க வேண்டாம். மெக்கானிக் “மூணையும் மாத்திடுங்க” என்று சொன்னால் பேரம் பேசாமல் மாற்றிவிடுங்கள். அன்று நான் அந்தத் தம்பியின் சொல்லைக் கேட்டிருந்தால், விசேஷ வீட்டுக்குப் பலகாரமும் போய்ச் சேர்ந்திருக்கும்.

எல்லோரும் நலமாக ஏறி, நலமாக இறங்குக.